மோதலில் பிறக்கும் காதல்: யார் எதை இழக்கிறார்?



நினைவுப் பேருரை என்றதும் பஞ்சமி நிலம், கோயில் நுழைவு, இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்று ஏதாவது ஒன்றை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது காதல் கதை. அதிலும் ஒரு குறிப்பிட்ட வகை: முதல் அத்தியாயத்தில் ஒருவரையொருவர் கண்டாலே ஆகாத இருவர், கடைசி அத்தியாயத்தில் ஒருவரில்லாமல் ஒருவர் வாழ முடியாது என்ற நிலைக்கு வந்து சேரும் கதை. சினிமாக்காரர்கள் இதை ‘மோதலில் ஆரம்பித்துக் காதலில் முடிவது’ என்பார்கள். நம் மாணவர்களில் பலர் செல்பேசியில் இரவெல்லாம் தொடராகப் படிப்பது இதைத்தான். எழுதத் தொடங்கும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் முதலில் எழுதிப் பார்ப்பதும் இதைத்தான்.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை. லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் பாபாசாகேபை 1936ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்துவிட்டு, அஞ்சி, மாநாட்டையே கைவிட்டது. அவர் அந்த உரையைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். அதுதான் சாதி ஒழிப்பு நூல். சாதியை உடைக்கும் உண்மையான மருந்து கலப்பு மணமே என்று அதில் அவர் சொன்னார். சமபந்தி போதாது, இரத்தம் கலந்தால்தான் உறவு என்ற உணர்வு பிறக்கும் என்றார். அப்படியானால் யார் யாரைக் காதலிக்கலாம் என்ற கேள்வி நம் அரசியலின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. பகையாளியின் வீட்டில் பிறந்த ஒருவரைக் காதலிப்பது எப்படி, அதைக் கதையாக எழுதுவது எப்படி என்பதும் அதே கேள்வியின் இன்னொரு முகம்தான்.

ஏன் இந்தக் கதை இழுக்கிறது?

முதலில் இதன் இழுப்பை மதிப்போடு பார்ப்போம். ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலை இவ்வகைக் கதைகளின் தாய் என்றே சொல்லலாம். செல்வந்தன் டார்சி ஒரு நடன விருந்தில் எலிசபெத்தைப் பார்த்து, ஆடக்கூடத் தகுதியில்லாதவள் என்பதுபோல் பேசிவிடுகிறான். அது அவள் காதில் விழுகிறது. பிறகு அவனே அவள்மேல் ஆசைப்பட்டு மணம் பேச வருகிறான். வந்த இடத்திலும் உன் குடும்பம் எனக்குக் கீழானது, அதையும் மீறி உன்னைக் கேட்கிறேன் என்ற தோரணையில்தான் கேட்கிறான். அவள் முடியாது என்கிறாள்.

அந்த மறுப்புதான் நாவலின் உயிர். அதன் பிறகு அவன் கடிதம் எழுதித் தன் பக்கத்தை விளக்குகிறான். அவளும் தன் கணிப்பில் சில தவறென்று உணர்கிறாள். அவள் தங்கைக்கு நேர்ந்த அவமானத்தை அவன் தன் பணத்தைக் கொட்டித் தீர்த்துவைக்கிறான். அதைத் தான் செய்ததாக அவளுக்குத் தெரியக்கூடாது என்றும் பார்த்துக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் இரண்டாம் முறை கேட்கிறான்.

இதில் வாசகருக்குக் கிடைப்பது என்ன? என்னை இளக்காரமாகப் பார்த்த கண், ஒருநாள் என்னை நேராகப் பார்க்கும் என்ற நம்பிக்கை. என்னை அவமதித்தவன் என் முன் வந்து, நான் செய்தது தப்பு என்று சொல்வான். சொல்வதோடு நில்லாமல் நடந்தும் காட்டுவான் என்ற நிறைவு. அவமதிக்கப்பட்டவர்களுக்கு இதைவிடப் பெரிய கனவு உண்டா? தேநீர்க்கடையில் தனிக் குவளை வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கதையில் மயங்குவதில் வியப்பில்லை. மன்னிப்புக் கேட்கப்படுவதன் இன்பம் அது. அதற்காக நம் பிள்ளைகளை யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை.

பகை எங்கே பிறக்கிறது?

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. டார்சிக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வருமானம். எலிசபெத்தின் தந்தைக்கு இரண்டாயிரம். வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் அவர்கள் ஒரே கூடத்தில் ஆடுகிறார்கள், ஒரே மேசையில் உண்கிறார்கள். அவன் கனவான், நானும் கனவானின் மகள், இதில் நாங்கள் சமம் என்று டார்சியின் சித்தியிடம் அவளால் முகத்துக்கு நேரே வாதிட முடிகிறது. அவர்களுடைய பகை அவர்கள் வாயிலிருந்தும் குணத்திலிருந்தும் வந்தது. அதனால் அவர்களே அதைத் தீர்த்துக்கொள்ள முடிந்தது.

ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கும் பகை அப்படிப்பட்டதா? அந்த இருவரும் பிறக்கும் முன்பே அது பிறந்துவிட்டது. இவள் அவனைப் பற்றித் தப்பாக எதையும் நினைக்கவில்லை; அவன் தாத்தா இவள் தாத்தாவை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது இவளுக்குச் சரியாகவே தெரியும். இதில் தெளிவுபடுத்த ஒரு தப்பெண்ணமும் இல்லை. கடிதம் எழுதி விளக்கினால் தீர்கிற பகை இல்லை இது.

தமிழ் வெகுசன நாவல் இந்த இடத்தைத் தந்திரமாகத் தாண்டிவிட்டது. ரமணிசந்திரன் காலம் முதல் இன்றைய இணையத் தொடர்கள்வரை பொதுவாகப் பார்த்தால், நாயகன் பணக்காரன், கோபக்காரன். நாயகி நடுத்தரக் குடும்பம், தன்மானக்காரி. இடையில் யாரோ மூட்டிவிட்ட ஒரு சந்தேகம். பங்களா இருக்கும், தொழிற்சாலை இருக்கும், குலதெய்வக் கோயில்கூட இருக்கும். சாதி மட்டும் இருக்காது. சாதியைச் சொல்லாததால் அந்தக் கதைகள் சாதி கடந்தவை ஆகிவிடவில்லை. இருவரும் ஒரே வட்டத்தில் பெண் எடுத்துப் பெண் கொடுப்பவர்கள் என்று வாசகர் தாமாகவே எடுத்துக்கொள்கிறார். சொல்லாமலே புரிகிற அளவுக்கு அது பழகிவிட்டது. இந்தியாவில் நடக்கும் திருமணங்களில் சாதி கடந்தவை ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்று 2011–12இல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பு காட்டியது. மிச்சமுள்ள 95இன் சௌகரியத்தில்தான் நம் காதல் நாவல்கள் நடமாடுகின்றன.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. 2012 வாக்கில் மேடை மேடையாகப் பரப்பப்பட்ட ‘நாடகக் காதல்’ கதை அது. ஜீன்ஸ் பேன்ட்டும் டீ சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு நம் பையன்கள் திட்டமிட்டுப் பெண்களை மயக்குகிறார்களாம். பகைவரைக் காதலர் ஆக்குவது ஒரு வகைக் கதை என்றால், காதலரைப் பகைவர் ஆக்குவது இந்தக் கதை. அதன் விலையை நாம் அறிவோம். 2012 நவம்பர் 7ஆம் நாள் தருமபுரி மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள். ஒரு கதையைக் கட்டினால் ஆளைக் கொல்லலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கதை என்ன செய்யும் என்று நம்மில் யாராவது கேட்டால் இதைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.

மறுக்கும் உரிமை

மோதல்–காதல் கதையை எழுதப் புகுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எளிய நிலையில் இருப்பவர் ‘முடியாது’ என்று சொன்னால் கதை அதைக் கேட்குமா?

அல்லி அரசாணி மாலையை நினைத்துப் பாருங்கள். மதுரையை ஆளும் அல்லிக்கு ஆண்கள் என்றாலே ஆகாது. அர்ச்சுனன் பாம்பு வடிவெடுத்து அவள் படுக்கைக்குள் புகுந்து, அவள் தூங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். அவள் படை திரட்டிப் போராடியும் முடிவில் மனைவியாகத்தான் ஆகிறாள். இன்றைய தொடர்களில் ‘ஆன்டி ஹீரோ’ என்ற பெயரில் வரும் கட்டாயத் தாலி அந்தப் பாம்பின் வாரிசுதான். கடத்துகிறான், அறைகிறான், தாலி கட்டுகிறான்; நாற்பதாவது அத்தியாயத்தில் அவனுக்குள் ஒரு குழந்தை மனம் இருப்பது தெரிகிறது. நாயகியின் வெறுப்பு, அவன் தாண்ட வேண்டிய ஒரு வேலியாக மட்டுமே நிற்கிறது.

நம் பெண்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருக்க முடியாது. பாமாவின் ‘சங்கதி’ 1994இல் வந்தது. அதில் மாரியம்மாவை நிலக்காரர் ஒருவர் பம்பு செட்டில் மடக்கப் பார்க்கிறார். அவள் தப்பி ஓடிவிடுகிறாள். தன் பெயர் கெடுவதற்குள் அவர் முந்திக்கொண்டு, அவளுக்கும் மாணிக்கம் என்ற பையனுக்கும் தொடர்பு என்று ஊரில் கதை கட்டிவிடுகிறார். பஞ்சாயத்து அவளுக்குத்தான் அபராதம் போடுகிறது. பின்னாளில் அந்த மாணிக்கத்துக்கே அவளைக் கட்டியும் வைக்கிறார்கள். ஆண்டையின் ஆசை, அதை மறுத்த பெண், அந்த மறுப்புக்குத் தண்டனை, அதன்மேல் ஒரு கல்யாணம். வெகுசன நாவல் ‘காதல்’ என்று பெயரிடும் அதே சாமான்கள்தான் இங்கேயும் இருக்கின்றன. யார் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதில்தான் அது காதல் கதையா கொடுமைக் கதையா என்பது தீர்மானமாகிறது.

எனவே ஆண்டை வீட்டு மகனை நாயகனாக்கி, கூலிக்காரி மகளை நாயகியாக்கி ஒருவர் எழுதினால், நாம் அந்தப் பிரதியில் முதலில் தேட வேண்டியது முத்தத்தை அல்ல, மறுப்பை. அவள் மறுத்த பிறகும் அவளுக்கு வேலை இருக்கிறதா? அவள் அப்பாவுக்குக் கூலி வருகிறதா? அவள் தம்பி பள்ளிக்கூடம் போகிறானா? மறுத்தாலும் வாழ முடியும் என்ற நிலையில் அவள் சொல்கிற ‘சரி’க்குத்தான் மதிப்பு.

முத்துப்பட்டன் கொடுத்த விலை

இரண்டாவது கேள்வி: மேலே இருப்பவர் எதை இழக்கிறார்? இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய கதை பதில் வைத்திருக்கிறது. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையைச் சொல்கிறோம்.

பிராமணனாகிய முத்துப்பட்டன் காட்டுவழியில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு பெண்களைக் கண்டு மயங்கிப் பின்தொடர்கிறான். அவர்கள் பயந்து தப்பி ஓடித் தகப்பனிடம் சொல்கிறார்கள். தகப்பன் வாலப்பகடை, சக்கிலியர். என் பிள்ளைகளை விரட்டியவன் எவன் என்று ஆயுதத்தோடு தேடி வருகிறான். ஆக, வெட்ட வந்தவன் மாமனாராக வேண்டும். அப்படித் தொடங்குகிறது கதை.

பெண் கேட்ட முத்துப்பட்டனிடம் வாலப்பகடை சொன்ன நிபந்தனையைக் கவனியுங்கள். பூணூலை அறுத்தெறி. குடுமியை எடு. எங்களைப்போல் தோல் வேலை செய், செருப்புத் தைத்து விற்றுக் காட்டு. பிறகு பேசலாம். அவன் தன் அண்ணன்மாரிடம் போகிறான். அவர்கள் அவனைக் கல்லறையில் அடைத்துப் பூட்டுகிறார்கள். உடைத்துக்கொண்டு வருகிறான். சொன்னதையெல்லாம் செய்கிறான். அதன் பிறகே மணம் நடக்கிறது. கிடைக்குக் காவல் நின்று, மாடு பிடிக்க வந்த கள்ளரோடு சண்டையிட்டுச் சாகிறான். இன்றும் பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கொண்டுவந்து கட்டுகிறார்கள்.

வாலப்பகடை கேட்டது மன்னிப்பு வார்த்தை இல்லை, வேலை. நான் சாதி பார்ப்பதில்லை என்று அவன் சொன்னதை அவர் நம்பவில்லை. சாதி எங்கே இருக்கிறதோ, உடம்பிலும் தொழிலிலும் உறவிலும், அங்கே அதைக் கழற்றிக் காட்டு என்றார். டார்சி கொடுத்தது பணம். முத்துப்பட்டன் கொடுத்தது பிறப்பு தந்த இடத்தை. நமக்குத் தெரிந்த மோதல்–காதல் கதைகளில் இவ்வளவு தெளிவாக விலை கேட்ட மாமனார் வேறு யாருமில்லை.

இந்தக் கதைக்குப் பிறகு நேர்ந்ததும் பாடம்தான். அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குலத்தில் பிறந்தவர்கள், வாலப்பகடை கண்டெடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று சொல்லும் வடிவங்களும் வந்தன. மதுரை வீரனைக் காசி ராஜாவின் மகனாக்கிய அதே வேலை. காதல் நடந்துவிட்டது, தெய்வமும் ஆகிவிட்டது, அழிக்க முடியாது. எனவே பிறப்பை மாற்றி எழுதினால் எதிர்ப்பு கரைந்துவிடும். இன்றைக்கும் ஒரு கதையின் கடைசி அத்தியாயத்தில் நாயகி ‘நல்ல குடும்பத்துப் பெண்’ என்று தெரியவந்தால், அந்தப் பழைய ஏட்டுத் திருத்தம் மறுபடி நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

முத்துப்பட்டன் கதையிலும் ஒரு குறை உண்டு. நிபந்தனை பேசுவது தகப்பனும் மாப்பிள்ளையும். பொம்மக்காவும் திம்மக்காவும் என்ன நினைத்தார்கள் என்பதற்கு அதில் இடம் குறைவு. கணவன் செத்ததும் தீயில் இறங்குவதற்கு இடம் நிறைய. வாலப்பகடையின் கேள்வியை அந்தப் பெண்களின் வாயில் வைத்து எழுதுவது நமக்கு விடப்பட்ட வேலை.

சாவில் முடியாத கதை

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சாதி கடந்த காதலைப் பேசிய முக்கியமான படைப்புகளை எடுத்துப் பாருங்கள். தருமபுரிக்குச் சற்று முன் அதே 2012இல் வந்த இமையத்தின் ‘பெத்தவன்’. மகளைக் கொல்லச் சொல்லி ஊர் கட்டளையிடுகிறது. தகப்பன் இரவோடு இரவாக அவளைக் காதலனிடம் போகவிட்டுத் தான் விஷம் குடிக்கிறார். 2013இல் பெருமாள்முருகன் இளவரசனுக்குச் சமர்ப்பித்து எழுதிய ‘பூக்குழி’. எல்லாம் சரியாகிவிடும் என்று குமரேசன் சொல்லிக்கொண்டே இருக்க, அவனுடைய ஊர் சரோஜா ஒளிந்திருக்கும் புதருக்குத் தீ வைக்கிறது. 2018இல் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. பரியன் காதலிக்கிறானா என்றே அவன் சொல்வதற்கில்லை. பெண்ணின் தகப்பனும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதற்கே ஒரு முழுப் படம் தேவைப்படுகிறது. கடைசியில் நம் கண்முன் நிற்பவை இரண்டு தேநீர்க் குவளைகள்.

இவை நேர்மையான முடிவுகள். நடப்பதைச் சொன்னவை. இவற்றைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. நம் காதலுக்கு இலக்கியம் கொடுத்த இடம் எப்போதும் சவக்கிடங்கின் வாசல்தானா? பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை, தன்னைப் போன்ற ஒருத்தி காதலித்து, சண்டை போட்டு, கிண்டல் செய்து, கோபித்துக்கொண்டு, சமாதானமாகி, நரை விழுகிறவரை வாழ்ந்தாள் என்று படிக்க நம் மொழியில் எத்தனை புத்தகம் இருக்கிறது? நம் வலியை வாங்கிப் படிக்கப் பதிப்பாளர் உண்டு, பரிசு உண்டு. நம் மகிழ்ச்சிக்கு அந்த வரவேற்பு இல்லை. நல்ல முடிவுள்ள காதல் கதையை எழுதுவது நம்மைப் பொறுத்தவரை ஓர் உரிமைக் கோரிக்கை.

அந்த நல்ல முடிவைக் கஷ்டப்பட்டுச் சம்பாதிக்க வேண்டும் என்பதுதான் இதிலுள்ள சவால். மழையில் ஒரு குடைக்குள் நின்றதும் பகை கரைந்துவிட்டது என்று எழுதினால், செத்தவர்களை நாம் ஏமாற்றுகிறோம். கரைய வேண்டியதைக் காரியங்களாகப் பிரித்து எழுதுங்கள். சிறப்புத் திருமணச் சட்டப்படி மனுக் கொடுத்தால் 30 நாள் அறிவிப்பு அலுவலகத்தில் ஒட்டப்படும். அந்த 30 நாளில் யார் வந்து அந்தக் காகிதத்தைப் படிக்கிறார்கள்? இதைவிடப் பெரிய திகில் எந்த நாவலில் இருக்கிறது? சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் வந்த சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. மாலை மாற்ற நாலு தோழர்கள் வேண்டும், அவர்கள் யார்? வாடகை வீடு பார்க்கப் போகும்போது வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்விக்கு அவன் பதில் சொல்கிறானா, அவள் சொல்கிறாளா? மாட்டுக்கறி வேகும் வீட்டில் அவன் தட்டைக் கழுவி வைக்கிறானா? அவன் அம்மா வந்தால் எந்தக் குவளையில் தண்ணீர் குடிக்கிறாள்? குழந்தைக்கு எந்தச் சாதிச் சான்றிதழ் என்று பேசும்போது யாருடைய குரல் தாழ்கிறது? மோதல் இங்கெல்லாம் இருக்கிறது. காதலும் இங்கேதான் நிரூபணமாகிறது.

இன்னும் ஒன்று. பகையாளி என்றால் எப்போதும் ஊர்த்தெருக்காரர் என்று நினைக்க வேண்டாம். நமக்குள்ளேயே பறையர், பள்ளர், அருந்ததியர் என்று பெண் கொடுக்காத வீடுகள் இருக்கின்றன. அந்த மோதலை எழுத நமக்குக் கூச்சம். மேலே இருப்பவரிடம் வாலப்பகடை கேட்ட விலையை, நம்மில் சற்று மேலே இருப்பதாக நினைத்துக்கொள்பவரும் கொடுத்தாக வேண்டும். ஒரு பறையர் வீட்டுப் பையனும் அருந்ததியர் வீட்டுப் பெண்ணும் கல்லூரிச் சங்கத் தேர்தலில் எதிரெதிரே நின்று, சண்டையிட்டு, பிறகு சேர்கிற கதை ஒன்றை இந்த அவையிலிருந்து யாராவது எழுதினால், நூறு ஒற்றுமைத் தீர்மானங்களைவிட அது தூரம் போகும்.

தோழர்களே, பாபாசாகேப் கலப்பு மணத்தை மருந்தென்று சொன்ன அதே உரையில் வேறொன்றையும் சொன்னார். சாதி செங்கல் சுவரைப் போன்றதல்ல, அது மனத்தில் இருக்கும் ஓர் எண்ணம். அந்த எண்ணத்துக்குப் புனிதம் கொடுக்கும் சாத்திரத்தின் பிடியை உடைக்காமல் மக்கள் கலந்து மணக்க மாட்டார்கள் என்றார். காதல் மட்டுமே சாதியைக் கொன்றுவிடும் என்று அவர் நம்பவில்லை. நாமும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் எண்ணத்தை மாற்றும் வேலையில் கதைக்குப் பங்குண்டு. மேடையில் சொன்னால் காதைப் பொத்திக்கொள்கிறவர்கூடக் காதல் கதை என்றால் கடைசிவரை படிப்பார். அவரை அந்தக் கடைசிவரை கூட்டிப் போங்கள். போகும் வழியில் வாலப்பகடை நிற்கட்டும். எதை விட்டுவிட்டு வந்தாய் என்று அவரிடம் கேட்கட்டும்.